இலை நுனியில் உப்பு

கிட்ட வாங்க தம்பி. இன்னும் கிட்ட. அந்த நாற்காலியை இழுத்து இந்தப் பக்கம் போடுங்க, என் இடது கைப் பக்கம். எனக்கு ஆள் இடது பக்கம் உட்கார்ந்தால்தான் பேச்சு வரும். எதிரில் வேண்டாம். எதிரில் உட்கார்ந்தால் நீங்க என் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீங்க. தழும்புதானே? இந்தா, குனியுதேன், நல்லாப் பார்த்துக்கிடுங்க. காதுக்கு மேலே ஆரம்பித்து உச்சி வரைக்கும், மாட்டு லாடம் மாதிரி. பார்த்தாச்சா? இனி காதை மட்டும் கொடுங்க.

உங்க தங்கச்சி கல்யாணத்துக்குப் பந்தி பேச வந்திருக்கீங்க. சந்தோஷம். வருகிற வழியில் எவனோ ஒருத்தன் உங்க காதில் ஓதியிருக்கான். ‘கோமதிநாயகத்துக்கு மண்டையைத் திறந்து மூடியாச்சு, அவருக்கு ஒரு பக்கம் தெரியாது, பேசாமப் பஃபே வச்சிருங்க’ என்று. எவன் என்று கேட்கமாட்டேன். அவனும் என் பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவினவனாகத்தான் இருப்பான். நீங்க கேட்கக் கூச்சப்படுதீங்க, அதனால் நானே சொல்லிருதேன். கேட்டுவிட்டு வேண்டாம் என்றால் போங்க, தடுக்கமாட்டேன். ஆனால் பாதியில் எழுந்திருக்கக் கூடாது. பந்தியிலும் அப்படித்தான்.

ஏளா ஆவுடை! தம்பிக்குக் காபி கொண்டா. எனக்கும்.

நான் சமையல்காரன் இல்லை, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்க. சமைக்கிறவங்க வேறே. நான் பந்தி விசாரிக்கிறவன். இலை விரிக்கிறதிலிருந்து இலை எடுக்கிற வரைக்கும் என் பொறுப்பு. நடுவில் நடக்கிற வழி, ரெண்டு பக்கமும் இலை. வாசலிலிருந்து ஒரு நடை உள்ளே போனேன் என்றால், யாருக்கு ரசம் வரவில்லை, எந்தப் பெரியவருக்குப் பல் இல்லை, எந்தப் பிள்ளை அப்பளத்துக்கு அழப்போகுது, எந்தச் சம்பந்தி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், எல்லாம் கண்ணுக்குள் வந்துவிடும். பள்ளிக்கூடம் எனக்கு ஒட்டவில்லை. இலையைப் பார்த்தால் போதும், சாப்பிட்டவன் மனசைச் சொல்லிவிடுவேன்.

அப்படி இருந்தவனுக்குத் தலைவலி வந்தது. தைலம் தேய்த்தேன், பற்றுப் போட்டேன். போகவில்லை. ஒரு கல்யாணத்தில் இடது கையில் பிடித்திருந்த நெய்க் கிண்ணம் மாப்பிள்ளையின் தாய்மாமன் மடியில் கவிழ்ந்தது. பட்டு வேட்டி. அவர் கத்தினது ஞாபகம் இருக்கு. அதற்கப்புறம் ஆஸ்பத்திரிதான். வலது பக்க மூளையில் கட்டி, எலுமிச்சம்பழம் பருமன் என்றார் டாக்டர். நல்ல மனுஷன். திறந்தார், எடுத்தார், மூடினார். அவரோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

சண்டையெல்லாம் அதற்குப் பிறகு. அங்கே தனியாக ஒரு வார்டு. ஆபரேஷன் முடிந்தவங்களை மறுபடி உட்கார வைத்து, நிற்க வைத்து, நடக்க வைத்து வீட்டுக்கு அனுப்புகிற வார்டு. அங்கே பெரிய நர்ஸ் ஒருத்தி, ஜெபக்கனி என்று பேர், நாசரேத்துக்காரி. குரல் உயராது. ஆனால் நினைத்ததைச் செய்யாமல் விடமாட்டாள். அவளுக்கும் எனக்கும்தான்.

முதல் நாளே ஆரம்பித்தாள். தட்டில் பாதிச் சாப்பாடு. சத்தியமாகச் சொல்லுதேன் தம்பி, பாதிதான். வலது பக்கம் சோறும் ஒரு கறியும். இடது பக்கம் ஒன்றும் கிடையாது. இடது பக்கம் என்று ஒன்றே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்களேன். நான் தின்று முடித்துவிட்டு, “என்ன சிஸ்டர், ஆஸ்பத்திரியில அரிசிப் பஞ்சமா?” என்றேன். அவள் வந்தாள், தட்டை எடுத்தாள், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப வைத்தாள். பார்த்தால் பாதித் தட்டுச் சோறு அப்படியே இருக்கு!

“இத மொதல்லயே போட்டா என்ன? கேட்டாத்தான் போடுவியோ?”

“தட்டுலதானங்க இருந்துச்சு” என்று ஆவுடை குரல். பெண்டாட்டியும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டாள். இன்றைக்கும் சொல்லுதேன், யார் வந்து கேட்டாலும் சொல்லுவேன், அந்த வார்டில் பாதித் தட்டுதான் போட்டார்கள்.

இன்னொரு நாள் காலையில் முழிக்கிறேன், என் கட்டிலில் வேறு யாருடைய கையோ கிடக்கிறது. கனமாக, விறைத்துப்போய். “ஏளா, இன்னொரு ஆளை என் கட்டில்ல படுக்கப் போட்டிருக்காங்க, எழுந்திரிக்கச் சொல்லு” என்று சத்தம் போட்டேன். ஜெபக்கனி வந்தாள்.

“யாரு கை அண்ணாச்சி இது?”

“எனக்கென்ன தெரியும்? பக்கத்துக் கட்டில்காரர் கையா இருக்கும்.”

“வெரல்ல மோதிரம் இருக்கே. முருகன் படம் போட்டது.”

பார்த்தேன். “அது என் மோதிரம்! களவாணிப் பய, நான் தூங்கும்போது உருவிப் போட்டுக்கிட்டான்!”

சிரிக்குதீங்க. சிரிங்க. வார்டே சிரித்தது. ஜெபக்கனி மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கையை எடுத்து என் வலது கைக்குள் வைத்து, “களவாணிய விட்றாதீங்க அண்ணாச்சி, கெட்டியாப் பிடிச்சு வச்சுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் பிடித்துக்கொண்டே கிடந்தேன். அன்றைக்கு அந்தக் கை என் கை இல்லை. இன்றைக்கு என் கை. நடுவில் என்ன நடந்தது என்று டாக்டர்களைக் கேளுங்க, நான் பொய் சொல்கிறவன் இல்லை.

அதோடு விட்டாளா? தண்ணீர்ச் செம்பு, கூப்பிடுகிற மணி, மூக்குக்கண்ணாடி, ஆவுடை, எல்லாவற்றையும் கொண்டுபோய் இடது பக்கம் வைத்துவிட்டாள். பார்க்க வருகிறவங்களும் அந்தப் பக்கம்தான் உட்காரணும், சட்டம். என் பெண்டாட்டி குரல் கேட்கும், ஆள் இருக்காது. ‘எங்களா இருக்க?’ என்றால் ‘இங்கதான் இருக்கேன், திரும்பிப் பாருங்க’ என்பாள். பேய் பேசுகிற மாதிரி இருக்கும்.

காபி வந்துட்டா உங்களுக்கு? குடிங்க, குடிங்க. எனக்குக் கடைசியில்தான் வரும். இந்த வீட்டுப் பந்தியில் நான் கடைசி இலை.

எதில் விட்டேன்? ஆங், பாதித் தட்டு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பாதித் தட்டுச் சோறு கோமதிநாயகத்துக்கு வேண்டாம். ஆவுடை அழுதாள். டாக்டர் வந்து நயமாகச் சொன்னார். மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்ற வேண்டிவரும் என்றார்கள். ஊற்றுங்க என்றேன்.

மறுநாள் மத்தியானம் ஜெபக்கனி வந்து கட்டில் மேசையில் வாழை இலையைப் போட்டாள். ஈரம் சொட்டச் சொட்ட. எங்கே போய் வாங்கினாளோ. சோறு, சாம்பார் மணம். வயிறு கூப்பிடுகிறது. குனிந்து இலையைப் பார்த்தேன். உடம்பெல்லாம் எரிந்தது தம்பி. இலைக்கு நுனி இல்லை!

உங்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன். நுனி இலை மரியாதைப்பட்டவங்களுக்குப் போடுவது. நடுவில் நறுக்கின துண்டு ஏடு, அது ஆள் கூடிப்போனால் பின்னால் வருகிறவங்களுக்கு. ஆயுசு பூராவும் அடுத்தவங்களுக்கு நுனி இலை போட்ட எனக்கு, இவள் ஏட்டைக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள்.

“எனக்கு ஏடா போடுத?”

“ஏடா? நல்லாப் பாருங்க அண்ணாச்சி, நுனி எல.”

“நுனிய எந்த ஆடு தின்னுட்டு?”

“உப்புகூட வச்சிருக்கேன்.”

“உப்பும் இல்ல, நுனியும் இல்ல. என்னை என்ன கேனையன்னு நெனச்சியா?”

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “பந்தியில உப்பு எங்க வைப்பீங்க?”

“நுனியில.”

“நுனி எந்தப் பக்கம் வரணும்?”

“கேள்வியப் பாரு. சாப்பிடுதவனுக்கு இடது பக்கம். சின்னப் பிள்ளைக்குத் தெரியும்.”

“எனக்குத் தெரியல. நீங்க சொல்லிக் குடுங்க. நடு நரம்பப் பிடிச்சுக்கிட்டே போங்க. வெரல எடுக்கக் கூடாது.”

சரி, எங்கே வெட்டியிருக்கிறாளோ அங்கே விரல் போய் நிற்கும், நாலு பேர் முன்னால் அவள் குட்டு உடையும் என்று நினைத்தேன். வலது கை ஆள்காட்டி விரலை நடு நரம்பில் வைத்துத் தள்ளினேன். இலை முடிய வேண்டிய இடம் வந்தது. முடியவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். தம்பி, நான் தள்ளத் தள்ள இலை வளர்கிறது! பச்சைப்பசேல் என்று, ஈரத்தோடு, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. விரல் போகிற பக்கமே தலையும் திரும்புகிறது. கழுத்து கடுக்கிறது. நரம்பு மெலிந்து, மெலிந்து, நூல் மாதிரி ஆகி, விரலில் கரகர என்று ஒன்று தட்டியது. நக்கிப் பார்த்தேன். உப்பு. அதற்குப் பக்கத்தில் ஊறுகாய். அதற்குப் பக்கத்தில் அவியல், பொரியல், வாழைக்காய் வறுவல். எல்லாம் அங்கே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

முழு இலையையும் சாப்பிட்டேன். ஆவுடை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், எதற்கு என்று தெரியவில்லை. விஷயம் இவ்வளவுதான். இலை எப்படிப் போடணும் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நான் சொல்லிக்கொடுத்தேன். அதற்கப்புறம் ஒரு வேளைகூட அவள் தப்பாகப் போடவில்லை.

ஆனால் அந்த உப்பை அவள் பிடித்துக்கொண்டாள். விடவே மாட்டாள். நடக்கப் பழக்குகிறபோது என் இடது தோள் கதவு நிலையில் இடிக்கும். இடிக்கிறதுக்கு ஒரு எட்டு முன்னாலேயே “அண்ணாச்சி, உப்பு!” என்பாள். தலை தானாக இடது பக்கம் திரும்பிவிடும். முகச்சவரம் பண்ணிவிட்டு நிமிர்ந்தால், “மீசைக்கு அந்தாண்ட உப்பு வைக்கலயே” என்பாள். தடவினால் அந்தக் கன்னத்தில் முள்ளாக இருக்கும். சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துவிட்டு வந்து நின்றால், “உப்பு.” பயிற்சி கொடுக்கிற தம்பியும் பிடித்துக்கொண்டான், கூட்டுகிற அம்மாவும் பிடித்துக்கொண்டாள். வார்டு பூரா உப்பு, உப்பு, உப்பு.

ஏளா, எனக்குக் காபி என்னாச்சு? என்ன தம்பி, கண்ணைக் காட்டுதீங்க? எங்கே? ஓ. இந்தா இருக்கு. இப்பத்தான் கொண்டுவந்து வச்சிருக்கா, பாருங்க, ஒரு வார்த்தை சொல்லாமல். அதுவும் ஆறிப்போன காபி. உள்ளே என்னமோ முணுமுணுக்கா, விடுங்க.

அந்தச் சமயத்தில்தான் முப்பிடாதி வந்தான். என் அக்கா மகன். என்னோடு நின்று தொழில் பழகினவன், நான் விழுந்த பிறகு அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன், கெட்டிக்காரன். பஃபே என்ற வியாதி மட்டும் பிடித்திருந்தது.

அரிசிக்கடை மூக்காண்டி மகள் கல்யாணம் ஆவணியில். நான் நல்லா இருக்கும்போதே எனக்கு வெற்றிலை பாக்கு வைத்துச் சொன்ன கல்யாணம். முப்பிடாதி என் காலடியில் உட்கார்ந்து மெல்ல ஆரம்பித்தான்.

“மாமா, மூக்காண்டி அண்ணாச்சி பஃபே போதும்ங்காரு. நீங்க வாங்க. வாசல்ல நாற்காலி போட்டுத் தாரேன். உக்காந்து பன்னீர் தெளிங்க. மரியாதையாவும் இருக்கும்.”

“ஏல, பன்னீர் தெளிக்கது பாவாடை கட்டின பிள்ளைக வேல.”

“நீங்க நடந்தா நெலையில முட்டுதீங்க மாமா. நான் பாத்துட்டுதான வாரேன். ஒரு வரிசை பூரா எலையில ஒண்ணும் விழாம உக்காந்திருந்தா யாரு பதில் சொல்லுதது?”

அவன் பேச்சை அங்கேயே வெட்டினேன். “ஒரு வரிசையும் பட்டினி கெடக்காது. நான் நடக்கேன். மூக்காண்டிகிட்ட போய்ச் சொல்லு. மொதப் பந்தி என் கையில. ஒரே ஒரு எலை எனக்குத் தப்புச்சுன்னா, ரெண்டாவது பந்தியிலருந்து அவரு இஷ்டப்படி தட்டத் தூக்கிக்கிட்டு நின்னு தின்னட்டும். அப்புறம் எந்த மண்டபத்துக்கும் நான் வரமாட்டேன்.”

மூக்காண்டி ஒத்துக்கொண்டார். பஃபே மேசைகளும் ஒரு ஓரத்தில் தயாராக இருக்கும் என்று சொல்லியனுப்பினார். வியாபாரி இல்லையா.

இதைக் கேட்ட ஜெபக்கனி என்ன செய்தாள் தெரியுமா? மறுநாள் வார்டில் நடக்க முடிந்தவங்களை எல்லாம் ரெண்டு வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு இலை போட்டு, “விசாரிங்க அண்ணாச்சி” என்றாள். நான் லேசுப்பட்டவனா? போகும்போது வலது வரிசையைப் பார்த்தேன். கோடியில் போய்த் திரும்பினேன். இடது வரிசை இப்போது வலது பக்கம் வந்துவிட்டது! அதையும் பார்த்தேன். எப்படி?

“திருட்டு வேல” என்றாள். “நீங்க போயிட்டு வாரதுக்குள்ள இந்த வரிசைக்குச் சோறு ஆறிரும். போகும்போதே ரெண்டும் வேணும்.”

தினமும் நடந்தேன். கழுத்து திரும்பித் திரும்பி, தூங்கும்போதுகூடத் திரும்பியதாம். அதில் ஜெயித்தேன். கண்ணில் என்னை ஒன்றும் சொல்ல முடியாது என்று ஆனபிறகு, அவள் அடுத்து என் கையைப் பிடித்தாள். அந்த இடது கையை. உப்புக் கிண்ணத்தை அதில் கொடுப்பாள், வலது கையால் எடுத்து வைக்கச் சொல்வாள். கிண்ணம் விழும். ஆவுடை கூட்டி அள்ளுவாள். ஜெபக்கனி திரும்பக் கொடுப்பாள். திரும்ப விழும். கிண்ணத்தைப் பார்த்தாலே அந்தத் தாய்மாமன் பட்டு வேட்டி கண் முன்னால் வரும் எனக்கு. கடைசியில் சொல்லிவிட்டேன்: “பந்தி விசாரிக்கவன் கிண்ணம் தூக்க மாட்டான். வாயாலதான் சொல்லுவான். உன் கிண்ணத்தக் கொண்டு போ.”

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கும் கிண்ணத்தோடு வந்து நின்றாள். நான் இடது கையை எடுத்து இடுப்பு வேட்டிக்குள் செருகிக்கொண்டேன். “சரி அண்ணாச்சி. நீங்க ஜெயிச்சுட்டீங்க” என்றாள். அவள் வாயாலேயே சொன்னாள். ஆவுடை சாட்சி.

கல்யாணத்தன்று முதல் பந்தி. வாசலில் நிற்கிறேன். கை இடுப்பில் செருகியிருக்கு. மூக்காண்டி தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு என்னைத்தான் பார்க்கிறார். ஓரத்தில் பஃபே மேசைகள் வெள்ளைத் துணி போர்த்துக்கொண்டு காத்திருக்கு. முப்பிடாதி உப்பு வைத்து முடித்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடிவிட்டான். நான் மனசுக்குள் ‘உப்பு’ என்று சொல்லிக் கழுத்தைத் திருப்பினேன். இடது வரிசை முழுக்க இருந்தது தம்பி. ஒரு ஆள் குறையாமல், பொட்டும் பூவுமாக, வரிசை பூரா இருந்தது.

நடந்தேன். வலது பக்கம் சரி. இடது பக்கம் நுனியெல்லாம் வரிசையாக உள் பக்கம் பார்த்துக் கிடக்கு. ஒன்று, கோடியில் கடைசி இலை, அது மட்டும் நுனி வாசலைப் பார்க்கிறது. பாதி வழியிலேயே நின்றுவிட்டேன்.

“யாரும்மா அது, கடைசி எல! எலையத் திருப்புங்க!”

மண்டபமே திரும்பியது. தூணில் சாய்ந்திருந்த மூக்காண்டி நிமிர்ந்துவிட்டார். பச்சைப் பட்டுச் சேலை கட்டின பெண், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கிட்டப் போனபிறகுதான் தெரிந்தது, வெள்ளை உடுப்பு இல்லாத ஜெபக்கனி. ஆவுடைதான் மூக்காண்டி வீட்டில் சொல்லிப் பத்திரிகை அனுப்ப வைத்திருக்கிறாள், என்னிடம் மூச்சுவிடவில்லை.

“எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன் உனக்கு, நுனி இடது பக்கம்னு?”

“மறந்துட்டேன் அண்ணாச்சி” என்று இலையைத் திருப்பிப் போட்டாள். போட்டுவிட்டு, “உப்பு இல்லயே” என்றாள்.

பார்த்தேன். நுனியில் உப்பு இல்லை. என் பந்தியில், மூக்காண்டி பார்த்துக்கொண்டிருக்கும்போது, உப்பில்லாத இலை! “ஏல முப்பிடாதி!” என்று கத்தினேன். அவன் அந்தக் கோடியில் சாம்பார் வாளியோடு நிற்கிறான். உப்புக் கிண்ணம் மேசை மேலேயே இருக்கு. அப்புறம் நடந்தது எப்படி என்று என்னைக் கேட்காதீங்க. இடுப்பில் செருகியிருந்த கை வெளியே வந்தது. கிண்ணத்தைப் பிடித்தது. வலது கை உப்பை எடுத்து நுனியில் வைத்தது. கிண்ணம் ஆடியது. நல்லா ஆடியது. விழவில்லை. பக்கத்து இலைக்காரர் “எனக்கும் இன்னும் கொஞ்சம்” என்றார். அவருக்கும் வைத்தேன். எதிர் வரிசையில் ஒருத்தர் கேட்டார், அவருக்கும். கிண்ணத்தோடேயே அந்த நடை பூரா நடந்தேன்.

தூண் பக்கம் வந்ததும் மூக்காண்டி சொன்னார், “ரெண்டாவது பந்திக்கும் எலையே போடச் சொல்லுங்க, அண்ணாச்சி.”

ஜெபக்கனி வயிறாரச் சாப்பிட்டாள், இலையை மடித்தாள், எழுந்து கை கழுவப் போனாள். போகும்போது என் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

பந்தி முடிந்ததும் முப்பிடாதியைப் பிடித்து ஏசினேன். “கடைசி எலைக்கு உப்பு வைக்காம எங்கல போன? மானம் போயிருக்கும்.”

“வச்சேன் மாமா. இந்தக் கையாலதான் வச்சேன். அந்த சிஸ்டர் எலைன்னு தெரிஞ்சு கொஞ்சம் கூடுதலாவே வச்சேன்.”

“பொய் சொல்லாதல.”

இலை எடுக்கிறவங்க அந்த வரிசைக்கு வந்தார்கள். நிறுத்துங்க என்று சொல்லிவிட்டு, அந்தக் கடைசி இலையை நானே தூக்கினேன். அடியில், மேசைக் காகிதத்தின் மேல், முப்பிடாதி வைத்த உப்பு ஒரு குவியலாக இருந்தது. இலையைத் திருப்புகிற சாக்கில் அதை ஒரு பொடி சிந்தாமல் அடியில் தள்ளி, மேலே இலையை விரித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி நிமிர்ந்து என்னிடம் உப்புக் கேட்டிருக்கிறாள்.